மடம் எங்கய்யா?

பூட்டான் போய்ட்டு வந்து ஒரு வாரம் ஆச்சு, கடுப்பு இன்னும் அடங்கல. இந்தியர்னா ஒரு ராத்திரிக்கு 1200 ரூபா அரசாங்கத்துக்கு கட்டணும், அது நியாயம்தான், மலை காடெல்லாம் அவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க. கடுப்பு கூட வந்த டூரிஸ்ட்டுங்க மேலதான்.

பாரோ தக்சாங், 1692ல பாறை விளிம்புல ஒட்ட வச்ச மாதிரி கட்டுன மடம், 3000 மீட்டருக்கு மேல, முட்டி கழண்டு மூணு மணி நேரம் ஏறி எதிர்ப்பக்க வியூபாயிண்டுக்கு வந்தா ஒரே மூட்டம். சரி விலகும்னு அரைமணி நேரம் உக்காந்தேன். விலகுச்சு! உடனே ஒரு குரூப் புகுந்து ரெண்டு பேரா, நாலு பேரா, அப்புறம் குல்லாவோட, குல்லா இல்லாம, கூலிங்கிளாஸ மாட்டிட்டு "இன்னும் ஒண்ணே ஒண்ணு"ன்னு... அந்த ஒண்ணு முடியவே இல்லங்க.

ஒருவழியா என் முறை வந்து பக்கத்துல நின்ன அண்ணன்கிட்ட போன குடுத்தேன். 14 போட்டோ எடுத்திருக்காரு மகராசன். பதினாலுலயும் என் மூஞ்சி, மூக்குல வேர்வை, ஓரத்துல கொடி கட்டுன கயிறு. மடம் எங்கன்னு பாத்தா என் தலைக்குப் பின்னாடி கச்சிதமா ஒளிஞ்சிருக்கு, காதுக்கு மேல கூரை நுனி மட்டும் கொம்பு மாதிரி. இன்னொன்னு எடுக்கலாம்னா மறுபடி மூட்டம். மடத்துக்குள்ளயாவது எடுக்கலாம்னா அங்க போட்டோவே கூடாது, போன வாசல்லயே லாக்கர்ல வச்சுட்டுத்தான் போகணும்.

வீட்ல அம்மா போட்டோவ பாத்துட்டு கேக்குறாங்க, "ஏன்டா, ஏற்காட்டுக்கா போன?"ன்னு.