யமஹாவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்

மதுரையில் யாராவது "பையனுக்கு ஒரு கிடார் வாங்கணும்" என்று வாயைத் திறந்தால் போதும். பக்கத்தில் நிற்பவர் வாழ்நாளில் கிடாரைத் தொட்டே பார்க்காதவராக இருந்தாலும், "யமஹா வாங்கிருங்க சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்பார். சர்ச் கொயர், கல்லூரி கல்ச்சுரல்ஸ், கல்யாண வீட்டு மெல்லிசைக் குழு என்று எங்கே கேட்டாலும் இதே பதில்தான். சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு கிடார் சொல்லிக்கொடுக்கிற எனக்கு வாட்ஸப்பில் இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம்.

யமஹாவுக்கு இருக்கிற பேர் நியாயமாகச் சம்பாதித்த பேர்தான். ஆனால் அதைப் புகழ்கிறவர்களும் சரி, "அது வெறும் பிளைவுட்டு பாஸ்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களும் சரி, அந்தக் கிடாரில் உண்மையில் எது நல்லது என்று பார்ப்பதே இல்லை. அப்புறம் அந்தக் "கண்ணை மூடிக்கிட்டு" இருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை.

நம்ம ஊரில் இந்தப் பேரில் பாதியைக் கொடுத்தது பைக். ஆர்எக்ஸ் 100 ஓட்டிய தலைமுறைக்கு யமஹா என்றால் மறுபேச்சே கிடையாது. 1996இல் தயாரிப்பு நின்றுபோன வண்டியை இன்றைக்கும் தெருவுக்கு ஒருத்தர் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். அப்பாக்கள் கடைக்குள் வந்ததும் கிடாரில் உள்ள லோகோவைப் பார்த்துவிட்டு "அதே கம்பெனியா?" என்று கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். அதே குடும்பம்தான், ஆனால் மோட்டார் கம்பெனி 1955லேயே தனிக்குடித்தனம் போய்விட்டது. தாய்க் கம்பெனி முதலிலிருந்தே இசைக்கருவிக் கம்பெனி. ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊரில் டொரகுசு யமஹா என்பவர் 1887இல் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் மாதிரியான ரீட் ஆர்கனைப் பழுது பார்க்கப் போய் ஆரம்பித்த கதை. லோகோவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவை மூன்று ட்யூனிங் ஃபோர்க், சுருதி பார்க்கத் தட்டுகிற உலோகக் கவை. பைக்கில் அவற்றின் முனை வெளிவட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், கிடாரில் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த தடவை பார்த்தால் கவனியுங்கள். பைக் நன்றாக இருந்ததற்காகக் கிடாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நம் அதிர்ஷ்டம், இரண்டும் நன்றாகவே அமைந்துவிட்டன.

கிடாரில் அவர்களுக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தது 1966இல் வந்த எஃப்ஜி வரிசை. எஃப்ஜி 180, எஃப்ஜி 150 என்று இரண்டு மாடல். அமெரிக்கக் கம்பெனிகளான மார்ட்டினும் கிப்சனும் வாங்கக் காசில்லாதவர்கள் நம்பி வாங்கிய கிடார் அது. 1969இல் அமெரிக்காவில் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாளாக ஏறி நின்றபோது கையில் இருந்தது ஓர் எஃப்ஜி 150. அந்த வம்சத்தின் கடைக்குட்டி என்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் எஃப் 310ஐச் சொல்லலாம்.

அந்த எஃப் 310ஐப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம்தான், ஆனால் ஒரே பலகை கிடையாது, மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டியது. கடைக்காரர் லேமினேட் என்பார், பிளைவுட் என்றால் முகம் சுளிப்பார், இரண்டும் ஒன்றுதான். சந்தேகமாக இருந்தால் நடுவில் உள்ள வட்டத் துளையான சவுண்ட் ஹோல் விளிம்பில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஓடுகிற மர ரேகை விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் ஒரே பலகை. நடுவில் வேறு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் பிளை. முன்பலகை ஒரே பலகையாக இருக்கிற சாலிட் டாப் கிடாரில் ஒரு ஜி கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அடிக்கிற சுரக்கூட்டு) அடித்துவிட்டுக் கையை எடுத்தால் சத்தம் நின்று நிதானமாக அடங்கும். இதில் சட்டென்று அடங்கிவிடும், தடித்த கம்பிகளில் கனமும் கொஞ்சம் குறைச்சல். இதை மறைத்து "சவுண்டுல மார்ட்டின் தோத்துரும்" என்று அளக்கிறவர்களை நம்பாதீர்கள்.

அப்புறம் எதற்கு இதை நல்ல கிடார் என்கிறேன்? ஒரு கடையில் பத்து எஃப் 310ஐ எடுத்து வாசித்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே கிடார். இதன் அருமை தெரிய வேண்டுமானால், பழைய காலத்தில் கல்கத்தா பக்கமிருந்து வந்த கிடார்களில் கற்றுக்கொண்டவர்களைக் கேளுங்கள். அவற்றிலும் சத்தம் அபாரமாக இருந்த ஒன்றிரண்டு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றில் நெக், அதாவது கழுத்துக் கட்டை, வளைந்திருக்கும், இன்னொன்றில் அதன் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் ஏழாவது ஃப்ரெட் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு ஜிர்ரென்று இரையும், வேறொன்றில் கீழே சுருதி சேர்த்தால் மேலே போகப் போகச் சுருதி ஓடிவிடும். கடைக்காரர் "பழகப் பழகச் சரியாயிரும் தம்பி" என்பார். எது சரியாகும்? எஃப் 310இல் தலைப்பக்கம் கம்பியைத் தாங்குகிற நட்டிலிருந்து உடல்பக்கம் தாங்குகிற சேடில் வரை கம்பியின் நீளம் 634 மி.மீ. அதில் பாதி, 317இல் பன்னிரண்டாவது ஃப்ரெட் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் காதுள்ளவனுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கணக்கைத் தவறாமல் பிடித்து, நெக்கை நேராக ஒட்டி, ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்து அனுப்புவது சாதாரண வேலை இல்லை. பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் அதை எதிர்பார்க்கலாம் என்று ஆக்கியதுதான் யமஹா செய்த பெரிய காரியம். புகழ்வதாக இருந்தால் இதைப் புகழுங்கள்.

அடுத்து வெயில். இதை யாரும் பேசுவதில்லை. கிடார் செய்கிறவர்கள் சொல்வது, காற்றில் ஈரப்பதம் 45லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. நம் ஊரில்? அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்து மத்தியானம் 40 டிகிரியைத் தொடும், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் காற்றே வறுத்த மாதிரி இருக்கும். ஐப்பசி பிறந்தால் கொடியில் போட்ட துணி காயாது. மரம் நீளவாக்கில் பெரிதாக மாறாது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும், உப்பும். காய்ந்தால் முன்பலகை உள்வாங்கிக் கம்பி தாழ்ந்து இரையும். ஈரத்தில், கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கிற பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளிக் கம்பி மேலே ஏறும். பிளையில் ஒரு தகட்டின் ரேகை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் போவதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆக, கேலி பேசப்படுகிற அந்த பிளைவுட்தான் ஏசி இல்லாத ஒரு மதுரை வீட்டில் கிடாரைக் காப்பாற்றுகிறது.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருத்தர் பெங்களூர் போய் முழுக்க சாலிட் மரத்தில் ஒரு கிடார் வாங்கி வந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் இல்லை. ராத்திரி முழுக்க ஏசி, பகலில் பூட்டிய அறை, பெட்டியில் வைக்காமல் சுவரில் மாட்டி அழகு பார்த்தார். வைகாசி முடிவதற்குள் பிரிட்ஜுக்குக் கீழே ரேகையை ஒட்டி முடி கனத்தில் ஒரு வெடிப்பு. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். மனுசன் வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி நின்றார். சாலிட் கிடார் வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. வாங்கினால் பெட்டியில் வைக்க வேண்டும், உள்ளே துளை போட்ட சோப்பு டப்பாவில் பிழிந்த ஸ்பாஞ்ச் வைக்க வேண்டும், ஈரப்பதம் காட்டுகிற ஒரு சின்ன மீட்டரும் வேண்டும். குழந்தை வளர்க்கிற வேலை. பிளை கிடார்க்காரர்களும் ரொம்ப மெத்தனமாக இருக்க வேண்டாம். ஃப்ரெட் பதித்திருக்கிற ஃபிங்கர்போர்டு பெரும்பாலும் நிஜ மரம், அது சுருங்கினால் ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிற ஒரு பொருளை வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் போட்டுவிட்டுப் போனால் பசை இளகி பிரிட்ஜ் கிளம்பத்தான் செய்யும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும்.

பிளைவுட் என்று மூக்கைச் சுளிக்கிற அன்பர்களுக்கு ஒரு தகவல். மார்ட்டின் 1833லிருந்து கிடார் செய்கிற வீடு. அவர்களின் டி-28ஐ ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த டி-28இன் முதுகும் பக்கமும் 1969லிருந்து நம்ம நாட்டு ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட். பிரேசில் தன் ரோஸ்வுட்டைக் கட்டையாக வெளியே விடமாட்டேன் என்றதும் இந்திய மரத்துக்கு மாறினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற இந்த மரத்துக்குத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது என்று அதில் இருந்தது. நம்ம நாட்டு மரம் நாசரேத்துக்குப் போய்க் கிடாராகி (தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்லை, பென்சில்வேனியா நாசரேத்) லட்சக்கணக்கில் விலை போட்டுத் திரும்பி வருகிறது. சரி, அது இருக்கட்டும். அதே மார்ட்டின் தன் விலை குறைந்த மாடல்களில் போடுவது எச்பிஎல். காகிதத்தையும் நாரையும் பிசினோடு அழுத்திச் செய்த பலகை, மேலே மரத்தின் படம். நம் வீட்டுக் கிச்சன் மேடைக் கதவில் ஒட்டுகிற சன்மைக்கா வகையறா. பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரன் ஸ்டேடியம் ஸ்டேடியமாகத் தூக்கிக்கொண்டு போன அந்தக் குட்டி மார்ட்டினின் முதுகு அதுதான். அதை வாங்கிவிட்டு எஃப் 310 வைத்திருக்கிறவனைப் பார்த்து பிளைவுட் என்று சிரித்தால் எப்படி?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கம்பெனியானாலும், இந்த விலைக் கிடார்களில் கம்பி கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். தாழ்வாக வைத்தால் எங்காவது இரையும், இரைந்தால் திரும்பி வரும் என்ற பயம். அதை இறக்கி நம் கைக்குத் தோதாக ஆக்குவதற்குப் பேர்தான் செட்டப். ரெடிமேட் பேண்ட் வாங்கிக் கீழே மடித்துத் தைக்காமல் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் கூட்டிப் போகிற மாதிரிதான் முக்கால்வாசிப் பேர் கிடார் வாசிக்கிறார்கள். பிள்ளை ஒரே விரலால் பல கம்பியை அமுக்க வேண்டிய எஃப் கார்டு பிடிக்க முடியாமல் விரல் சிவந்து அழுகிறது, வீட்டில் "இவனுக்கு ஆர்வம் இல்லை" என்று முடிவு கட்டுகிறார்கள், கிடார் பீரோ மேல் ஏறுகிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தித் தடித்த கம்பியின் அடி வரை அளந்து பாருங்கள், 2.5 மி.மீ சுற்றி இருந்தால் நல்லது, 3ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. அடுத்து மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கிக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே இடைவெளியைப் பாருங்கள். ஒரு காகிதக் கனம் இருந்தால் போதும், அதிகம் இருந்தால் நட் உயரம், எஃப் கார்டின் எதிரி அதுதான். நெக் ரொம்ப வளைந்திருந்தால் ஆலன் கீ வைத்து, நெக்குக்குள் ஓடுகிற இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல் சரி செய்ய வேண்டும். கடைசியில் சேடில். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டு, சேடிலின் அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, சாயாமல் பிடித்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அரை மில்லி இறங்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லி போக வேண்டும், ஏனென்றால் அந்த ஃப்ரெட் சரியாக நடுவில் இருக்கிறது. அவசரப்பட்டுக் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் புது சேடில்தான். இதெல்லாம் முடிந்த எஃப் 310ஐ ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள், செட்டப் பண்ணாத முப்பதாயிரம் ரூபாய்க் கிடாரை அந்தப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது.

வாங்கும்போது மற்ற சில்லறை விஷயங்கள். சென்னைக்குப் பக்கத்தில் 2019இல் தொடங்கிய ஆலையில் யமஹா கீபோர்டோடு அக்கூஸ்டிக் கிடாரும் செய்கிறார்கள். "சென்னை பீஸ் வேண்டாம், இந்தோனேசியா பீஸ் இருக்கா" என்று கேட்பவர்களைக் கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. லேபிளில் ஊர்ப் பேரைத் தேடுவதை விட்டுவிட்டு, கிடாரைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி பிடிப்பது போலப் பிடித்து நெக் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். லோகோவை மட்டும் ஒட்டிய போலிகளும் சந்தையில் உண்டு, பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். பழைய கிடார் என்றால் பிரிட்ஜின் பின்பக்க விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள், உள்ளே போனால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பட்ஜெட் இருபதாயிரத்தைத் தாண்டுமானால் எஃப்ஜி 800 பார்க்கலாம், முன்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கமும் பிளை, நம் ஊருக்கு எனக்குத் தெரிந்து இதுதான் சரியான நடுவழி. அதற்கு மேல் போகிறவர்கள் முதலில் அறையைச் சரி பண்ணிவிட்டுக் கிடாருக்குப் போங்கள்.

கமெண்டில் மார்ட்டின் பெருசா டெய்லர் பெருசா என்று சண்டை போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். எனக்கு வேண்டியது வேறு: மதுரை, திண்டுக்கல், விருதுநகர் வட்டாரத்தில் ஃப்ரெட் லெவலிங் (ஃப்ரெட்டுகளைத் தேய்த்து ஒரே மட்டமாக்குவது) ஒழுங்காகச் செய்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கடையில் கொடுத்தால் கம்பி மாற்றித் துடைத்து செட்டப் என்று பில் போடுகிறார்கள், என் மாணவர்கள் இரண்டு பேருடைய கிடார் அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது. நம்பரை கமெண்டில் போட வேண்டாம், இன்பாக்ஸில் அனுப்புங்கள்.