அரட்டைப் பெட்டியைப் பூட்டாதீர்கள்

இணையவழி வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது நான் முதலில் செய்த காரியம், அரட்டைப் பெட்டியை மூடி வைத்ததுதான். பாடம் நடக்கையில் பேச்சு எதற்கு என்ற எண்ணம். 32 பேர் சேர்ந்த வகுப்பு, பருவ இறுதியில் 11 பேரோடு நின்றது. விலகிய ஒருவர் எழுதிய வரி இன்னும் உறுத்துகிறது: "பாடம் நன்றாகத்தான் இருந்தது, ஐயா. என்னோடு யார் படித்தார்கள் என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை."

அடுத்த பருவத்தில் திறந்துவிட்டேன். மூன்றாம் வாரம், நிகழ்தகவுப் பாடத்தின் நடுவே ஒரு மாணவி, "இது எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?" என்று எழுதினார். சில நொடிகள் திரையில் அசைவே இல்லை. பிறகு, "எனக்கும்." "எனக்கும்தான்." அப்படி ஏழு பேர். நான் பாடத்தை நிறுத்துவதற்குள், அதுவரை வாயே திறக்காத ஒருவர், பைக்குள் சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று வைத்து நான்கே வரியில் விளக்கிவிட்டார். ஒலிவாங்கியில் பேசச் சொல்லியிருந்தால் அவர் பேசியிருக்கவே மாட்டார்.

தொலைநிலைக் கல்வியின் உண்மையான தொலைவு மனங்களுக்கு இடையே விழும் இடைவெளி, உரையாடல் பெருகினால் அது குறையும் என்கிறது கல்வியியலாளர் மைக்கேல் மூரின் கோட்பாடு. 1973 இலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' கணினிவழிக் கல்வி அமைப்பில் 'டாக்கோமேட்டிக்' என்ற அரட்டை நிரல் வந்துவிட்டது. ஓர் அறையில் ஐந்து பேர். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கணமே மற்றவர் திரையில் தெரியும். கல்விக்கென்று கட்டிய கணினியிலேயே பேச்சுக்கும் இடம் இருந்திருக்கிறது. நாம்தான் அதைக் கவனச்சிதறல் என்கிறோம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுதினால் சந்தைக்கடைதான். ஐந்தாறு பேராகப் பிரித்துவிடுங்கள். பாடம் நடத்திக்கொண்டே அரட்டையைப் படிக்கவும் முடியாது. கேள்விகளைக் கவனித்துச் சொல்லும் வேலையை முறைவைத்து மாணவர்களிடமே கொடுங்கள். கைப்பேசியில் மெதுவாகத் தட்டுபவர்களுக்காக ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருங்கள். அரட்டையில் எழுதுவதற்கு மதிப்பெண் மட்டும் வேண்டாம். போட்ட அன்றே "நல்ல கருத்து, நன்றி" என்று பெட்டி நிரம்பிவிடும்.

வகுப்பு முடிந்த பிறகான அரை மணி நேரத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். "நேற்று ஏன் வரவில்லை? குறிப்பை அனுப்பட்டுமா?" என்ற விசாரிப்புகள் அப்போதுதான் வருகின்றன. ஆனால், எங்களுக்குத் தந்திருக்கும் மென்பொருளில் ஆசிரியர் வெளியேறினால் அறையும் மூடிக்கொள்கிறது. மாற்றித் தாருங்கள் என்று நான்கு முறை எழுதிவிட்டேன். மாறும்வரை கணினியை அணைக்காமல், அவர்களைப் பேச விட்டுவிட்டு எழுந்து போகிறேன்.