குப்புறப் படுத்தவள் எங்கே ஓடுவது?

குறுவை நடவுக்கு மூன்று நாள் குனிந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கும்பகோணத்தில் தொக்கணம், அதாவது கையால் உடம்பு பிடித்துவிடும் வைத்தியம், செய்யும் ஓர் அக்காவிடம் போனேன். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று அது. தட்டல், இறுக்கல், முறுக்கல் என்று 9 வகை. அத்தனையும் தெரிந்த கை.

ஆனால் வாய்? முதுகில் எண்ணெய் ஊற்றும்போதே, எனக்கு முன்னால் வந்துபோன டீச்சரின் சிசேரியன் தழும்பைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நான் கேட்கவே இல்லை. கதவையும் சரியாகச் சாத்தவில்லை. வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "பொம்பளைங்கதானேம்மா" என்கிறார். அதனால்? தொடை வரை கை போகும் முன் "அங்கே பிடிக்கட்டுமா" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, வலி விட்டது. ஆனால் அடுத்து வருபவரிடம் என் உடம்பும் கதையாகியிருக்கும் என்று நினைத்தாலே கூசுகிறது.