பிராவோ சோதனை: 1994-இல்தான் தெரிய வந்ததா?

1954 மார்ச் 1-இல் பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய பிராவோ ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் மக்கள் கதிர்வீச்சுக்கு ஆளானது, 1994-இல் ரகசிய ஆவணங்கள் வெளியான பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது என்று ஒரு பதிவு சொல்கிறது. அது சரியில்லைங்க.

அதே மார்ச் 11-இலேயே அமெரிக்க அணுசக்தி ஆணையம் அறிக்கை விட்டது: தீவுவாசிகள் 236 பேரும் அமெரிக்கர்கள் 28 பேரும் எதிர்பாராமல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், தீக்காயம் எதுவும் இல்லை, எல்லாரும் நலம். அந்த 'நலம்'தான் பொய்யாகிப் போனது. பிகினிக்கு அருகில் உள்ள ரோங்கெலாப் தீவில், குண்டுவெடிப்பின் கதிரியக்க வெள்ளைச் சாம்பல் விழுந்த மக்களின் தோல் சில வாரங்களில் புண்ணாகி, முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. மார்ச் 16-இல் ஜப்பானின் யோமியூரி நாளிதழ், அதே சாம்பலில் சிக்கிய ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேரின் கதையை வெளியிட்டது. ஏப்ரலில் மார்ஷல் தீவு மக்களே ஐ.நா.வுக்கு மனு அனுப்பிவிட்டார்கள்.

ஆக, மறைக்கப்பட்டது சம்பவம் அல்ல, பாதிப்பின் அளவு. 1990-களின் ஆவணங்கள் காட்டியதும் அதைத்தான்.

சந்தேகம் இருந்தால், 1954 மார்ச் 12-ஆம் தேதி அமெரிக்க நாளிதழ்களை இணையக் காப்பகத்தில் தேடிப் பாருங்கள். அந்தப் படகுகூட டோக்கியோவில் காட்சிக்கு இருக்கிறது.