மூடுவதற்கு அரை மணி நேரம், திறப்பதற்குத் தேதி இல்லை

போன புதன்கிழமை சிவகாசிப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டாசு ஆலையை ஆய்வுக் குழு மூடியது இங்கே இருக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். வேப்ப மரத்தடியில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தையும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே வந்த கருத்துகளை இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். "கொலைகார முதலாளி" என்று ஒருவர் எழுதியிருந்ததை என் மகள் எடுத்து வந்து, "அப்பா, இது நம்மளப் பத்தியா?" என்று கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் படத்தில் இருப்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நேரம் பகல் பன்னிரண்டு மணி. பட்டாசு ஆலையில் வெடிமருந்து புழங்கும் அறைகளுக்குள் மின் இணைப்பு கிடையாது, ஆகவே மின்விசிறியும் கிடையாது. அது சரியான விதி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சிவகாசி வெயிலில் அந்த அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சுவரில் கை வைத்தால் கை சுடும். அன்று அந்த நால்வரும் செய்துகொண்டிருந்தது காகிதக் குழாய்க்கு லேபிள் ஒட்டும் வேலை. குழாயில் மருந்து இல்லை, திரி இல்லை. வெறும் காகிதமும் மைதாப் பசையும்தான். அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு நிழலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஆய்வுக்கு வந்த குழு படம் எடுத்தது, "அனுமதிக்கப்படாத இடத்தில் உற்பத்தி" என்று எழுதியது, அரை மணி நேரத்தில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியது. உரிமம் தற்காலிகமாக நிறுத்தம். எதுவரைக்கும் தற்காலிகம் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

மரத்தடியில் வேலை கூடாது என்ற விதி எதற்காக வந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். மரத்தடியில் மருந்து வைத்து வேலை செய்து வெந்துபோனவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்த நால்வரை நான் உள்ளே அனுப்பியிருக்க வேண்டும். அது என் தவறு. அதற்கு அபராதம் விதியுங்கள், கட்டுகிறேன். எச்சரிக்கை எழுதிக் கொடுங்கள், கேட்டிலேயே ஒட்டி வைக்கிறேன். பதினைந்து நாளில் தனிக் கொட்டகை போட்டுக்கொள் என்றால் பத்தே நாளில் போடுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என் தவறுக்கான தண்டனை ஏன் இருபத்தாறு பேருடைய கூலியின் தலையில் விழ வேண்டும்? அதுவும் கெடு இல்லாமல்?

"உயிர் பெரிதா, தொழில் பெரிதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. இந்த வெடி விபத்துகள் உங்களுக்குச் செய்தி. எங்களுக்கு இவை பக்கத்து ஊர்கள். சத்தம் கேட்டவுடன் போனைத் தேடுகிறவர்கள் நாங்கள். என் சித்தியின் இடது கை ஒரு விபத்தில் வெந்தது, இன்றுவரை விரல்கள் மடங்காது, சோற்றுத் தட்டை முழங்கையால்தான் அணைத்துப் பிடிப்பார். உயிரின் விலையை எங்களுக்குச் சொல்லித் தர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

உயிர்தான் பெரிது என்றால், என்னுடன் ஒரு படி மேலே வந்து யோசியுங்கள். என் ஆலை மூடினால் என்னிடம் வேலை செய்யும் பெண் எங்கே போவாள்? வீட்டில் உட்கார்ந்திருப்பாளா? இங்கே கூலி வாரக் கூலி, சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருவது அடுத்த வெள்ளிக்குள் தீர்ந்துவிடும். மூடிய மூன்றாம் நாளே அவள் வேறு வேலை தேடியாக வேண்டும். மற்ற ஆலைகளும் ஆய்வுக்குப் பயந்து அடைத்துக் கிடக்கும் நேரத்தில், அவளைக் கூப்பிடுகிறவர்கள் யார் தெரியுமா? உரிமமே இல்லாமல் காட்டுக்குள் தகரக் கொட்டகை போட்டும், வீட்டுப் பின்கட்டிலும் வெடி செய்கிறவர்கள்தான். அங்கே ரப்பர் விரிப்பு இல்லை, ஓடித் தப்ப இரண்டு பக்க வாசல் இல்லை, ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு இல்லை, இன்று உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற வருகைப் பதிவேடு இல்லை. நோட்டீஸ் ஒட்டுவதற்கு அங்கே ஒரு கேட்டும் இல்லை. முறையான ஆலையைத் தேதி சொல்லாமல் மூடுகிற ஒவ்வொரு உத்தரவும் ஆட்களை அந்தக் கொட்டகைக்குள்தான் தள்ளுகிறது. இதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த இடத்தில், "உங்கள் ஆட்களே உள்குத்தகைக்கு விடுகிறார்களே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மைதான், மறுக்க மாட்டேன். உரிமத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, அறை அறையாக நாலு பேருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறவர்கள் உண்டு. குத்தகை எடுத்தவன் ஒரு பருவத்துக்குள் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பான், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்கார வைப்பான், அன்றைக்கு உண்டான மருந்துக்கு மேல் கலந்து வைப்பான். பெரிய சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் உரிமத்தை நிரந்தரமாகப் பிடுங்குங்கள், கைதட்டி வரவேற்கிறேன். இருபது வருடமாகத் தன் ஆலையில் தானே காலை ஆறு மணிக்கு நின்று மருந்து எடை போட்டுக் கொடுக்கிறவனையும், அவனையும் ஒரே தாளில் ஒரே வாசகத்தில் மூடினால், விதியை மதித்து நடந்ததற்கு என்ன பொருள்?

எத்தனை துறைகள் எங்கள் வாசலுக்கு வருகின்றன என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வெடிபொருள் துறை, வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்பு, தீயணைப்பு, காவல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தொழிலாளர் நலம். உரிமத்தை யார் கொடுப்பது என்பதை வைத்து ஊரில் நாக்பூர் லைசென்ஸ் (வெடிபொருள் துறையின் தலைமை அலுவலகம்), சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று மூன்று வகையாகச் சொல்வோம். என்னுடையது டி.ஆர்.ஓ. லைசென்ஸ், மூன்றிலும் சிறியது. நாக்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் இந்தத் தாள்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு மேலாளரும் இரண்டு கணக்கரும் இருப்பார்கள். என்னிடம் நானும் என் மனைவியும் இருக்கிறோம். ஒரே பதிவேட்டை மூன்று துறைகளுக்கு மூன்று படிவத்தில் எழுதுகிறோம். அதையும் சுமை என்று இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை. குறையைச் சரிசெய்துவிட்டேன், வந்து பாருங்கள் என்று மனுக் கொடுத்தால் இத்தனை நாளுக்குள் வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று அவர்களுக்கும் ஒரு கெடு இருக்க வேண்டாமா? எனக்கு விதித்த எல்லாவற்றுக்கும் கெடு இருக்கிறது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இது இன்றைக்கு வந்த கதையும் இல்லை. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பட்டாசு மருந்தில் சேர்க்கும் பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, இனிப் புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டும்தான். நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை, டெல்லியின் காற்று கெட்டுப்போய்க் கிடக்கிறது என்பதும் பொய் இல்லை. ஆனால் பசுமைப் பட்டாசு மட்டும்தான் செய்ய வேண்டும் என்று சொன்ன அன்று, பசுமைப் பட்டாசு என்ற ஒன்று எங்கள் கையில் இருந்ததா? ஒன்றிய அமைச்சர் அதை முறையாக வெளியிட்டதே 2019 அக்டோபரில்தான். உத்தரவு முதலில் வந்தது, செய்முறை ஒரு வருடம் கழித்து வந்தது. எதைச் செய்வது என்று தெரியாமல் 2018 நவம்பரில் ஆலைகளை மூடினோம், மார்ச்சில்தான் திறக்க முடிந்தது. நான்கு மாதம். அந்தப் பொங்கலுக்கு எங்கள் தெருவில் புதுத் துணி எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் ஆலையில் நன்றாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் திருப்பூருக்குப் போனாள், பிறகு திரும்பவே இல்லை.

சரவெடியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா சரம் பின்னியவர். குருவி வெடியின் திரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நூலோடு சேர்த்து, சடை பின்னுவதுபோலப் பின்னிக்கொண்டே போக வேண்டும். நூல் ஓடி ஓடி அவருடைய வலது ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும், கடைசி வரைக்கும் அது ஆறவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் சைக்கிளில் ஆலை வாசலுக்குப் போய் நிற்பேன். காவலாளி தாத்தா என்னையும் விடாமல் சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்ட விடுவார். அம்மா பின்னிய கூலியில்தான் நான் படித்தேன், அம்மா சேர்த்த சீட்டுப் பணத்தில்தான் இந்த ஆலைக்கு முதல் கல் வைத்தேன். எங்களைப் போன்ற டி.ஆர்.ஓ. லைசென்ஸ்காரர்களுக்குப் பிழைப்பே சரவெடியாகத்தான் இருந்தது. அது போன அன்று, வேறு எந்த வேலையும் பழகாத, ஐம்பது வயதைத் தாண்டிய பின்னல்காரப் பெண்களிடம், "அக்கா, இனி இந்த வேலை இல்லை" என்று நான்தான் சொன்னேன். தீர்ப்பு எழுதியவர்களோ, விதி எழுதியவர்களோ யாரும் வந்து சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வேலை பழக்கிக் கொடுக்க வேண்டும் என்று எந்த உத்தரவிலும் ஒரு வரியை நான் பார்க்கவில்லை. 2023 செப்டம்பரில், சரவெடியை அனுமதிக்கச் சொன்ன எங்கள் தரப்புக் கோரிக்கையை நீதிமன்றம் மறுபடியும் மறுத்தபோது, அதில் ஓர் அக்கா என்னிடம் கேட்டது: "அண்ணாச்சி, டெல்லியில நம்மளப் பத்தி ஏதாச்சும் பேசினாங்களா?"

காற்று மாசு பற்றி எழுதியவர்களுக்கு ஒரே பதில். தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்றார்கள். அதையும் ஏற்றுக்கொண்டோம்.

"விதி பிடிக்கவில்லை என்றால் தொழிலை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று எழுதியவருக்கும் சொல்கிறேன். நான் விட்டுவிடலாம். எனக்கு வீடு இருக்கிறது, மூன்று ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது, மூத்தவன் வேலையில் இருக்கிறான். 2017 ஜூலையில் பட்டாசுக்கு 28 சதவீதம் வரி போட்டபோதே விட்டுவிடு என்றார்கள், நவம்பரில் அது 18 ஆகக் குறைந்தது, நானும் தாக்குப்பிடித்துவிட்டேன். நான் போனால் இந்த இடத்தை எடுக்கக் குத்தகைக்காரன் இரண்டு பேர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆய்வுக்குப் பிறகும் அவர்கள் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்கிறார்கள். முறையாக நடத்துகிறவன் சலித்துப்போய் விட்டுப் போவதும், அந்த இடத்துக்குக் குத்தகைக்காரன் வருவதும் யாருக்கு நல்லது என்று சொல்லுங்கள். இதை யோசிக்காமல் என்னைக் கொலைகாரன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடத்தில் என் ஆலையில் ஒருவர் கூடச் செத்ததில்லை. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, ஏனென்றால் இந்தத் தொழிலில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

வியாழக்கிழமை காலையிலேயே மனுக் கொடுத்துவிட்டேன். லேபிள் ஒட்டத் தனிக் கொட்டகைக்கு இடம் அளந்து, கொத்தனாரிடம் முன்பணமும் கொடுத்தாயிற்று. எப்போது வந்து பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, "வரிசைப்படி வரும்" என்றார்கள். வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டேன், அதைச் சொல்லும் வழக்கம் இல்லை என்றார்கள். இந்த வாரக் கூலியைப் புதன்கிழமை வரைக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கூலியைக் கையிலிருந்து சேர்த்தும் கொடுத்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணை வாங்க ஆள் வருவார், படத்தில் இருக்கும் நால்வரில் மூவர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி நேற்று இரவு போன் செய்து, காட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் திங்கள் முதல் ஆள் கேட்கிறார்கள், போகட்டுமா அண்ணாச்சி என்று கேட்டாள். போகாதே என்று சொன்னேன். அப்படியென்றால் தவணைக்கு என்ன செய்ய என்று கேட்டாள். ஒரு நாள் பொறு, சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நாளைக் காலைக்குள் அவளுக்கு நான் போன் செய்ய வேண்டும்.