முதலில் அடுப்பு, அப்புறம் தவணை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கொழுந்தன் மனைவி வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை, கக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. நாலு வயசு மூத்தவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டாள்: "அக்கா, சாப்பாட்டுச் செலவுல எங்க குறைக்கணும்னு பாத்துச் சொல்லுங்க. இனி எங்க குறைக்கன்னு எனக்குத் தெரியல்ல."

நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் பிசகாமல் எழுதியிருக்கிறாள். பச்சை மிளகாய் அஞ்சு ரூபாய் வரைக்கும் இருக்கிறது. அதில் ஒன்று என் கண்ணில் பட்டது. வாரத்தில் நாலு நாள் மீன் வாங்கின கணக்கு, ஒவ்வொரு தடவையும் ஐம்பது ரூபாய்க்குத்தான். நான் கேட்டேன், "நேத்து மத்தியானம் நீ என்ன மக்களே சாப்பிட்ட?" "கஞ்சி இருந்துதுக்கா." "தொட்டுக்க?" கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சம்மந்தி" என்றாள், வெறும் துவையல். மீன் அவருக்கும் பையனுக்கும். குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கிறாள், அவளுக்குக் கஞ்சியும் சம்மந்தியும்.

அன்றிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். கடனில் இருக்கிற சின்னக் குடும்பத்தைப் பார்த்தால் எல்லாரும் சொல்கிற முதல் வார்த்தை, "சாப்பாட்டுச் செலவைக் குறை". மாமியார் சொல்வார், ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள், யூடியூபில் வருகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இது தப்பு என்று நான் அடித்துச் சொல்வேன். சாப்பாட்டுக் காசை முதலில் எடுத்து வைக்க வேண்டும். மிச்சம் எவ்வளவோ, அதை வைத்துத்தான் கடன்காரரிடம் பேச வேண்டும். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வாடகை, தவணை, வட்டி எல்லாம் போன பிறகு கையில் எது நிற்கிறதோ அதுதான் அடுக்களைக்கு. அந்த மிச்சத்திலும் குறைத்தால், குறைவது அந்த வீட்டுப் பெண்ணின் தட்டில்தான்.

எனக்கு இது கேள்விப்பட்ட விஷயம் இல்லை. 2016-ல் நாங்கள் வீடு கட்டினோம். கான்கிரீட் போட்டு முடிக்கும்போது கழுத்துவரை கடன். அப்போது நான் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். மிச்சம் பிடிக்கிறேன் என்று காலையில் பால் இல்லாத கட்டன் சாயாவோடு நிறுத்திக்கொள்வேன். ஏழாம் மாதம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.4. ஊசி, மருந்து, வண்டிக்கூலி, அவர் வேலைக்குப் போகாத நாட்கள் என்று ஆறு மாதமாக வாயைக் கட்டி மிச்சம் பிடித்தது ஒரு வாரத்தில் போனது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

சரி, அவள் கணக்குக்கு வருகிறேன். சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கொழுந்தனுக்குப் பெயிண்டிங் வேலை, நாளுக்கு 950 ரூபாய். சுமாரான மாதத்தில் 21 நாள் வேலை இருந்தால் இருபதாயிரம் வரும். இரண்டு குழுக்கடன், வாரம் 800 ஒன்று, 650 ஒன்று. மாதக் கணக்கில் 6,283 ரூபாய். பைக் தவணை 2,600. அடகில் இருக்கிற மூன்று பவுனுக்கு வட்டி 850. எல்லாம் சேர்ந்து 9,733. வாடகை 3,500.

இந்தக் குழுக்கடன் மாதிரியான மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் இருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. இருபதாயிரத்தில் 9,733 பாதிக்குள் நிற்கிறது, அதனால் காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ஜூன் மாதம்? மழை பிடித்துவிட்டால் வெளிச்சுவர் வேலை கிடையாது. போன ஜூனில் அவனுக்கு 13 நாள்தான் வேலை, வந்தது 12,350. அதே 9,733 அப்போது வருமானத்தில் முக்கால் பங்குக்கும் மேல். கடன் கொடுக்க வந்தவர்கள் கேட்டது வேலை நன்றாக இருக்கிற மாதத்தின் வருமானத்தை. நாமும் பெருமைக்கு அதையே சொல்லிவிடுகிறோம்.

நம் குமரி மாவட்டத்துக்கு ஜூன் எப்படிப்பட்ட மாதம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பெயிண்டருக்கும் கொத்தனாருக்கும் வேலை குறையும். மலையோரம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் மழை விட்டால்தான் மரத்தடிக்குப் போகமுடியும். பள்ளிக்கூடம் திறக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆக ஜூன் முதல் பாதியில் மாவட்டத்தின் இரண்டு பக்கமும் விசைப்படகு கரையில்தான். மீன் விலை ஏறும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. அதனால் வருஷம் முழுக்க ஒரே பட்ஜெட் என்பது இங்கே நடக்காது. சாப்பாட்டுக்கான தொகையை ஜூன் மாதத்தை மனதில் வைத்துத்தான் போட வேண்டும். வெயில் மாதங்களில் கூடுதலாக வருவதைச் செலவழிக்காமல் மழைக்கு ஒதுக்க வேண்டும். இப்போது மே. வேலை இருக்கிறது. இந்த மூன்று வாரம் அவர்களுக்குத் தங்கம்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து வாரத்துக்கு 1,100 ரூபாய் என்று போட்டோம். மாதக் கணக்கு போடவே வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். சம்பளம் சனிக்கிழமை வருகிறது, குழுத் தவணை செவ்வாய்க்கிழமை, இரண்டும் வாரக்கணக்கு. அடுக்களை மட்டும் எதற்கு மாதக்கணக்கில் ஓட வேண்டும்? சனிக்கிழமை ராத்திரி காசு கையில் வந்ததும் முதலில் 1,100 ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகும். செவ்வாய்க்கிழமை குழுக்காரர் வாசலில் வந்து நின்றாலும் அந்தப் பாட்டிலைத் தொடக்கூடாது.

அதில் மீனுக்கு 250, காய்கறிக்கு 200, தினம் அரை லிட்டர் பாலுக்கு 210, ஒரு டஜன் முட்டைக்கு 80, பலவெஞ்சனத்துக்கு (மளிகைச் சாமான்) 230, தேங்காய்க்கு 130. தேங்காய்க்குத் தனியாக ஒதுக்கியதைப் பார்த்து அவள் முழித்தாள். நம் வீடுகளில் தேங்காயை யாரும் செலவாகவே நினைப்பதில்லை. அவியல், தீயல், துவரன் என்று நாம் சொல்கிற பொரியல், மீன் குழம்பு எல்லாவற்றுக்கும் தேங்காய். ஒரு காலத்தில் விளையில் பொறுக்கி வந்தோம், இப்போது வாடகை வீட்டில் தென்னை எங்கே இருக்கிறது? அவள் நோட்டில் எண்ணிப் பார்த்தோம். மாதத்துக்கு 34 தேங்காய், 26 ரூபாய் வீதம் 884 ரூபாய். வாரத்தில் நாலு தடவை வாங்கின மீனுக்குப் போனதைவிட ஒரு வாரத் தேங்காய் அதிகம். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டினபோது எண்ணெயைப் பார்த்து எல்லாரும் நெஞ்சில் கைவைத்தோம், தினமும் உடைக்கிற காயை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

இனி வாரத்துக்கு அஞ்சு தேங்காய். இதற்கு ஒரு வழி இருக்கிறது. தீயலுக்கு வறுத்து அரைப்பதாக இருந்தால் ஒரு முழுத் தேங்காயைச் சிவக்க வறுத்து, தண்ணீர் விடாமல் பொடித்து வைத்தால் மூன்று குழம்புக்கு ஆகும். பச்சைத் தேங்காய் அரைத்த குழம்பு வைக்கிற நாளில் துவரனுக்குத் தேங்காய் வேண்டாம், கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்தால் போதும். மீன் குழம்பில் மட்டும் குறைக்கச் சொல்லவில்லை. அது கெட்டுப்போனால் வீட்டில் சோறு இறங்காது.

மீனைப் பற்றி எனக்குப் பிடிவாதம் உண்டு. சாளையை (மத்தி) ஏழை மீன் என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஓர் இளக்காரம் வந்துவிட்டது. அதில் இருக்கிற கொழுப்பும் சத்தும் பெரிய மீன்களுக்குச் சளைத்தது இல்லை, முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். தடைக்காலத்தில்கூட வள்ளத்தில் போகிறவர்கள் கடல் அனுமதித்தால் கொண்டுவருவார்கள். தினம் ஐம்பது ரூபாய்க்கு இரண்டு பேருக்கு மட்டும் வாங்குவதை விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு முழுக் கூறாக வாங்கி வீட்டில் எல்லாரும் சாப்பிடச் சொன்னேன். எல்லாரும் என்றால் அவளும்தான். வெயில் இருக்கும்போதே கொஞ்சம் நெத்தோலிக் கருவாடு வாங்கிச் சம்படத்தில் போட்டு வைக்கவும் சொன்னேன், ஜூனுக்கு.

மரச்சீனியை, அதுதான் மரவள்ளிக்கிழங்கை, மறந்துவிட்டோம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பர்மா அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் முழுக்க இந்தக் கிழங்குதான் வயிற்றை நிரப்பியது, அப்போது நாமும் அந்த நாட்டில்தானே இருந்தோம். எங்கள் பாட்டி அந்த வருஷங்களைச் சொல்லும்போது குரலில் துக்கம் இருக்கும், ஆனால் கிழங்குமேல் வெறுப்பு இருக்காது. வாரத்தில் இரண்டு ராத்திரி மரச்சீனி அவித்து, சாளைக் கறியோடு. தனியாகக் கிழங்கை மட்டும் தின்றால் மாவுச்சத்துதான், கூட மீனோ பயறோ வேண்டும். இப்போது சக்கைக் காலம், அதுதான் பலாப்பழக் காலம். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை வீசாதீர்கள். காயவைத்து மணலில் புதைத்து வைத்தால் மழைக்காலம் வரை கிடக்கும், முருங்கைக்கீரையோடு சேர்த்து ஒரு கறி ஆகும்.

ரேஷன் கடைக்குப் போக அவளுக்குக் கூச்சம். இதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை, இந்தக் கூச்சத்தை அவளுக்குக் கொடுத்தவர்கள்மேல். அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே பருப்பு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். அரிசியைத் தோசைக்கும் கஞ்சிக்கும் வைத்துக்கொண்டு, மதியச் சோற்றுக்கு மட்டும் மாதம் அஞ்சு கிலோ சம்பா வாங்கினால் போதும். ரேஷன் அரிசியைக் கிலோவுக்குச் சில ரூபாய்க்கு வீட்டு வாசலில் வந்து வாங்கி, களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. பிள்ளைகள் வாயில் போக வேண்டியதை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அங்கன்வாடியிலும் அப்படித்தான். மூத்தவனுக்குச் சோறும் முட்டையும், சின்னவளுக்குச் சத்துமாவும் கிடைக்கும். நம் வரியில் நடக்கிறது, தலைநிமிர்ந்து போய் வாங்க வேண்டியது.

அப்புறம், கடைப்பற்று. கடை அண்ணாச்சி நல்ல மனுஷன், எங்களுக்கும் ஒரு காலத்தில் கைகொடுத்தவர். ஆனால் பற்றில் வாங்கும்போது நாம் விலை கேட்பதில்லை. கேட்க வாய் வராது. "எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லித் திரும்பும்போது பிள்ளை தொங்குகிற பாக்கெட்டைப் பிடித்துவிடும், அதுவும் எழுத்தில் ஏறும். அவள் பற்று 3,200 நின்றது. அதை மாதம் ஐநூறாக அடைக்கிறேன் என்று அண்ணாச்சியிடம் நேரில் போய்ச் சொல்லச் சொன்னேன். புதுசாக எதுவும் எழுத வேண்டாம், காசு கொடுத்து வாங்கட்டும். வருகிற மகளிர் உரிமைத்தொகை ஆயிரத்தில் பாதி அதற்கு. மீதிப் பாதி ஜூனுக்கு.

இவ்வளவு செய்தாலும் ஜூனில் இடிக்கும் என்று எனக்குத் தெரியும். 12,350 ரூபாயில் வாடகையும் சாப்பாடும் போனால் கையில் நாலாயிரம்தான் நிற்கும், தவணை 9,733. சாப்பாட்டில் எவ்வளவு பிடித்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. அதனால்தான் அந்தப் பேச்சையும் எடுத்தேன்: மூன்று பவுனில் ஒன்றை விற்று, வாரம் 800 கட்டுகிற குழுக்கடனை அடைத்துவிடு. மாதத்துக்கு 3,467 ரூபாய் பாரம் குறையும். முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அவள் அழுதாள். அவள் அப்பா போட்டது. நானும் என் வளையலை விற்றிருக்கிறேன், அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் பெட்டகத்தில் கிடக்கிற நகைக்கு வட்டி கட்டிக்கொண்டு, பால் கொடுக்கிற தாய் சம்மந்தி தொட்டுக் கஞ்சி குடிப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஒன்றை அடைக்க இன்னொரு குழுவில் புதுக்கடன் எடுக்க மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பிறகும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும் விதி இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தால் பயப்படாமல் இதைச் சொல் என்று எழுதிக் கொடுத்தேன்.

நேற்று மத்தியானம் கூப்பிட்டாள். "அக்கா, மீன்காரி வந்திருக்காங்க. சாளை கூறு நூறு ரூபா. பாட்டில்ல மீனுக்கு நூத்தி நாப்பது கிடக்கு. வாங்கவா, இல்ல அடுத்த வாரத்துக்கு வைக்கவா?"

வாங்கு என்றேன். எத்தனை மீன் இருக்கிறது என்று கேட்டேன், எண்ணிப் பார்த்துப் பதினெட்டு என்றாள். "அதுல நாலு உனக்கு. முதல்லயே எடுத்துத் தனியா வை."