ஆலிஸ் கோபரின் சிகரெட் பெட்டிகள்

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்ததிலிருந்து, தாங்கள் படித்து முடித்துவிட்டதாகச் சொல்லும் பதிவுகளுக்கு முகநூலில் பஞ்சமே இல்லை. ஒருவர் தமிழாகப் படிக்கிறார், இன்னொருவர் சமஸ்கிருதமாகப் படிக்கிறார், ஆனால் இருவரும் போகும் வழி ஒன்றுதான். மொழி எது என்பதை முதலில் முடிவு செய்துகொள்கிறார்கள், பிறகு குறிகளை அந்த மொழிக்குள் திணிக்கிறார்கள். பரிசு அறிவித்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் படிக்க முடியாத ஓர் எழுத்தை நோக்கிப் போகும் பாதையில் பெரும்பகுதி வாசிப்பே அல்ல என்பதையும், அந்தப் பகுதிக்கு எவரும் மாலை போடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தின் பழங்கால எழுத்தான லீனியர் பியின் வரலாற்றில், அதைப் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸைவிட, ஒரு குறியின் ஒலியைக்கூட அறியாமல் இறந்துபோன ஆலிஸ் கோபரை நான் ஒரு படி மேலே வைப்பது இதனால்தான்.

1900ஆம் ஆண்டு கிரீட் தீவின் நாசஸில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் அகழத் தொடங்கியபோது, லீனியர் பி எழுதிய களிமண் பலகைகள் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தன. அவை சூளையில் சுடப்பட்டவை அல்ல. வெயிலில் காயவைத்த கணக்குப் பலகைகள், அரண்மனையை அழித்த தீயில் வெந்து இறுகியதால் மட்டுமே நம் கைக்கு வந்தவை. எவன்ஸ் 1941இல் இறக்கும்வரை அவற்றில் மிகச் சிறிய பகுதியையே வெளியிட்டார். தானே படித்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்கும். அதற்காக ஒரு தலைமுறை ஆய்வாளர்களைக் காக்கவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிடைத்த அந்தச் சொற்பப் பலகைகளை வைத்துக்கொண்டுதான் நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்துக்கொண்டிருந்த கோபர் வேலையைத் தொடங்கினார். பகலில் வகுப்பு, இரவில் பலகைகள். எதற்கும் பயன்படும் என்று சமஸ்கிருதம், ஹிட்டைட், அக்காடியம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய மொழிகளைக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு குறியும் சொல்லின் முதலில் எத்தனை முறை வருகிறது, கடைசியில் எத்தனை முறை வருகிறது, எந்தக் குறியை அடுத்து வருகிறது என்று முதலில் நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். போர்க்காலத்தில் தாள் தட்டுப்பாடு வந்தபோது வாழ்த்து அட்டை, தேவாலயச் சுற்றறிக்கை, தேர்வுத்தாளின் அட்டை என்று கிடைத்ததையெல்லாம் சிறு சீட்டுகளாக வெட்டிக்கொண்டார். அப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 1,80,000 சீட்டுகள். அவற்றை அடுக்கிவைக்கச் சிகரெட் பெட்டிகள். குறிகளுக்கு உரிய இடத்தில் துளையிட்டு, ஒரு சீட்டின்மேல் இன்னொன்றை வைத்தால் இரண்டுக்கும் பொதுவானது எது என்று தெரியும்படி செய்திருந்தார். கணினித் தரவுத்தளம் பிற்காலத்தில் செய்த வேலையைக் கத்தரிக்கோலால் செய்தார் என்று சொல்வது மிகையாகாது.

அதிலிருந்து அவர் கண்டெடுத்ததைத் தமிழ் வாசகருக்கு விளக்குவது எளிது. சில சொற்கள் மூன்று மூன்றாக வந்தன. தொடக்கம் ஒன்றாக இருக்க, முடிவு மட்டும் மாறியது. இன்று நமக்குத் தெரிந்த ஒலிகளைக் கொண்டு எழுதினால் கோ-நோ-ஸோ, கோ-நோ-ஸி-யோ, கோ-நோ-ஸி-யா. இது வேற்றுமையோ பாலோ ஏற்றுத் திரியும் சொல் என்று வைத்துக்கொண்டால், ஸோ, ஸி என்ற இரு குறிகளுக்கும் மெய் ஒன்று, உயிர் வேறு. நம் எழுத்தில் சோவையும் சியையும் பார்த்த மாத்திரத்தில் உறவு தெரிந்துவிடும். லீனியர் பியில் இரண்டும் முற்றிலும் வேறு வேறு வடிவங்கள். ஒலி தெரியாமலே, மொழி தெரியாமலே, 'இந்த இரண்டும் ஒரே மெய்யின் உயிர்மெய்கள்' என்று கோபர் நிறுவினார். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் பத்துக் குறிகளை மட்டும், ஒரே மெய் உடையவை ஒரு வரிசையிலும் ஒரே உயிர் உடையவை ஒரு நெடுவரிசையிலுமாக அடுக்கிய ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அந்தப் பத்தில் ஒன்றுக்குக்கூட அவர் ஒலி தரவில்லை.

பலகைகளின் அடியில் 'மொத்தம்' என்று வரும் சொல், ஆண் விலங்குகளைக் கணக்கிடும்போது ஒரு வடிவிலும் பெண் விலங்குகளைக் கணக்கிடும்போது வேறு வடிவிலும் வருகிறது என்பதையும் அவர் காட்டினார். ஆக, அந்த மொழியில் பால் வேறுபாடு உண்டு. மொழி எது என்ற கேள்விக்கு மட்டும் அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. 1950இன் தொடக்கத்தில் வென்ட்ரிஸ் பல அறிஞர்களுக்கு ஒரு கேள்விப்பட்டியல் அனுப்பியபோது, அது வீண் வேலை என்று எழுதி மறுத்துவிட்டார். கடுமையான பெண்மணிதான்! அதே ஆண்டு மே மாதம், 43 வயதில் இறந்துபோனார். எவன்ஸ் விட்டுப்போன பலகைகளை ஆக்ஸ்போர்டின் ஜான் மையர்ஸ் நூலாகக் கொண்டுவர உதவுவதில் அவருடைய கடைசி ஆண்டுகளில் பெரும்பகுதி கழிந்தது; 1952இல் வந்த அந்த நூலை அவர் பார்க்கவில்லை.

வென்ட்ரிஸ் கட்டடக் கலைஞர். லீனியர் பியின் மொழி, பண்டைய இத்தாலியின் எத்ருஸ்கன் மொழியோடு உறவுடையது என்று இளவயது முதல் நம்பியவர். ஆனாலும் கோபரின் வழியைப் பின்பற்றி, அமெரிக்க அறிஞர் எம்மெட் பென்னட் 1951இல் வெளியிட்ட, கிரேக்கப் பெருநிலத்தின் பைலோஸில் கிடைத்த பலகைகளையும் சேர்த்துக்கொண்டு, கட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். பிறகு கோபரின் மும்மைச் சொற்கள் கிரீட்டின் ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என்று ஊகித்து நாசஸ், அம்னிசஸ் என்று பொருத்திப் பார்த்தபோது, தான் எதிர்பாராத கிரேக்கம் வந்து நின்றது. 1952 ஜூலை 1 அன்று பிபிசி வானொலியில் அதை அறிவித்தார். அந்தத் துணிச்சல் கோபரிடம் இருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிஞர்களின் ஐயத்தைத் தீர்த்தது துணிச்சல் அல்ல. தொல்லியலாளர் கார்ல் பிளேகன் பைலோஸில் புதிதாகத் தோண்டியெடுத்த ஒரு பலகையில் வென்ட்ரிஸின் ஒலிகளைப் பொருத்தினால், முக்காலிப் பாத்திரத்தின் படத்துக்கு அருகே, கிரேக்கத்தில் முக்காலியைக் குறிக்கும் 'தி-ரி-போ-தே' என்று வந்தது. நான்கு கைப்பிடி உள்ள கலத்தின் அருகே நான்கைக் குறிக்கும் சொல், மூன்று உள்ளதன் அருகே மூன்று, கைப்பிடியே இல்லாததன் அருகே இன்மையைக் குறிக்கும் சொல். ஒலிகளைக் கண்டுபிடித்தபோது வென்ட்ரிஸ் கண்ணில் பட்டிராத பலகை அது.

சிந்துவெளிக்கு இப்படிப்பட்ட உரைகல் எளிதில் கிடைக்காது. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகளே இருக்கின்றன, இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் அகப்படவில்லை. இருந்தாலும் கோபரின் இடத்தில் நமக்கும் ஒருவர் இருந்தார். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளை வகைப்படுத்தி, எது எங்கே, எந்த வரிசையில் வருகிறது என்று அட்டவணையிட்டார். அவருடைய திராவிட வாசிப்புகளை ஏற்காதவர்களும் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டே வாதாடுகிறார்கள். வாசிப்புகள் நிற்கலாம், விழலாம், அட்டவணை நிற்கிறது.

ஆகவே இனி யாராவது முத்திரையைப் படித்துவிட்டதாக எனக்கு இணைப்பு அனுப்பினால், ஒன்றைத்தான் கேட்கப்போகிறேன்: நீங்கள் பார்த்திராத இருபது முத்திரைகளைத் தருகிறேன், உங்கள் விதிகளில் ஒன்றைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டுகிறீர்களா? அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தப் பரிசுத் தொகை கைமாறாமல் நெடுங்காலம் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவரை, தமிழ்நாட்டு அகழாய்வுகளில் கிடைக்கும் பானை ஓட்டுக் கீறல்களையும் முத்திரைகளையும் தெளிவாகப் படமெடுத்து, எண்ணிட்டு, எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றும் இளம் ஆய்வாளர்களுக்கு அதில் ஒரு பங்கு அளவுக்கேனும் உதவித்தொகையாக ஒதுக்கலாம்.